பெயர் மறைத்த கவிதை

யுத்தகாலத்திலே தேசபக்திப் பாடல்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பாடியோர் யார், பாடுவித்தோர் யார், அவற்றின் விலையைச் செலுத்தியோர் யார் என்பனவே வரலாற்று மாணவராகிய நாம் ஆராயவேண்டிய வினாக்களாம்.

1914 ஆகஸ்டில் பிரித்தானியா யுத்தத்தில் இறங்கியதும் அதன் சாம்ராச்சியத்தைச் சேர்ந்த அவுஸ்திரேலியாவும் உடன் இறங்கிற்று. அந்நாட்டு இளைஞரை ஏற்றிய முதற் கப்பல் தொகுதி அவ்வாண்டு நவம்பரில் எமது கொழும்புத் துறைமுகத்திலும் தரித்துச் சென்றது. அங்கே பத்திரிகைகளில் வீரச் செய்யுள்கள் மலிந்தன. தாய்நாட்டின் அழைப்பே அவற்றிற் பலவற்றின் பொருள், அத்தாய்நாடு இங்கிலாந்து! அதே பத்திரிகைகளின் மரண அறிவித்தற் பகுதியிலோ, மைந்தரை இழந்த குடும்பத்தாரின் இரங்கற் செய்யுள்கள் வெளிவந்தன.

1916 இல் பிரதமர் ஹியூஸ் கடல்கடந்த போருக்குக் கட்டாயமாக ஆட்சேர்க்க முனைந்து, ஒக்டோபர் 28 இல் மக்களின் வாக்கைக் கோரினார். பெரும் பத்திரிகைகளிற் பெரும்பாலானவை அவர் பக்கமே நின்றன. தணிக்கை அதிகாரமும் அரசின் கையிலிருந்தது. அவ்வேளையில் தொழிலாளர் இயக்கத்தார் 'இரத்த வாக்கு' என்னும் கவிதையைத் துண்டுப் பிரசுரமாகப் பரப்பினர். தன் வாக்கினால் ஒருவனைச் சாவுக்கு அனுப்பிவிட்டேனோ எனக் கலங்கும் தாயொருத்தியின் துயரே அதன் பொருள். கவிதையுடன் குளோட் மார்க்கேயின் சித்திரம். அடியில் வின்ஸ்பியர் என்னும் சோஷலிசப் பத்திரிகையாளரின் பெயர். அதனை உண்மையில் இயற்றியவர் ஈ. ஜே. டெம்ப்சி என்பது பின்னரே வெளிப்பட்டது. அவரோ கட்டாய சேவையை ஆதரித்த சிட்னிப் பத்திரிகையொன்றின் ஊழியர்!

'ஆம்' என்றோர் 1,087,557 பேர். 'இல்லை' என்றோர் 1,160,033 பேர். 1917 டிசம்பரில் மீண்டும் கேட்டபோதும் மக்கள் மறுத்தனர். இவ்வெற்றியை ஒரு கவிதைக்கே உரித்தாக்குதல் மிகையாகும். தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் ஐரிஷ் கத்தோலிக்கர் பலரும் இதற்காக உழைத்தனர். வெள்ளையரல்லாத தொழிலாளர் வந்து குடியேறுவர் என்ற நிறவெறி அச்சமும் அப்பிரசாரத்திலே கலந்திருந்தது. அக்கறையை நாம் மறைத்தலாகாது.

ஆயினும் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. அக்காலப் பெரும் பத்திரிகைகளை மாத்திரம் புரட்டுவோர், நாடே ஒருமுகமாய் யுத்தத்துக்கு எழுந்ததென்று எண்ணுவர். வாக்குப் பெட்டியோ வேறு கதை கூறிற்று. அச்சேறிய குரலை மக்களின் முழுக்குரலாகக் கொள்ளலாகாது என்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ? சம்பளத்துக்கு ஒன்றும் மனச்சாட்சிக்கு வேறொன்றும் எழுதவேண்டிய டெம்ப்சியின் நிலை, மாதச் சம்பளம் பெறும் எமக்கு அந்நியமானதன்று. அவர் தம் பெயரை மறைத்தார், கருத்தை மறைத்தாரல்லர்.