உங்கட சவுண்ட் கார்ட் எது? கணினி ஒலியின் ஒரு சின்ன வரலாறு

பழைய டொஸ் கேம் ஒன்றை டொஸ்பொக்ஸில் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? விளையாடத் தொடங்க முதலே கேள்விகள் வரும். உங்கட சவுண்ட் கார்ட் எது? போர்ட் 220 தானா? ஐஆர்கியூ 5ஆ, 7ஆ? பிழையாகச் சொன்னால் சத்தமே வராது. இன்றைக்கு எங்களுக்கு இது வேடிக்கை. அன்றைக்கு அதுதான் நிலைமை: டொஸ் நடுவில் நிற்கவில்லை, ஒவ்வொரு கேமும் கார்டோடு நேரடியாகக் கதைக்கவேண்டியிருந்தது.

1987இல் வந்த அட்லிப் கார்ட் யமஹாவின் ஒரு சிப்பால் இசையை உண்டாக்கியது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் அதே சிப்பை வைத்து, பதிவுசெய்த குரலையும் ஒலிக்கவிடும் வசதியைச் சேர்த்து சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. அட்லிப்புக்கு எழுதின கேம்கள் அதிலும் ஓடின. பிறகு மற்றக் கொம்பனிகளும் தங்கட கார்டுகள் சவுண்ட் பிளாஸ்டர் மாதிரியே வேலை செய்யும் எண்டு சொல்லி விற்றன. அதாவது, கணினி கேம்களுக்குக் கிடைத்த பொது நியமம் ஆட்கள் கூடிக் கதைத்து வந்ததல்ல. சந்தையில் வென்ற கார்டைப் பார்த்து மற்றவை கொப்பி அடித்ததில் வந்தது.

1995இல் மைக்ரோசொஃப்ட் டைரக்ட்சவுண்டைக் கொண்டுவந்தது. இனி கேம் கார்டோடு கதைக்கத் தேவையில்லை, டைரக்ட்சவுண்டோடு கதைத்தால் போதும். ஒலிகளைக் கலக்கும் திறன் கார்டில் இருந்தால் கார்ட் கலக்கும், இல்லாவிட்டால் கணினியே கலக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2007இல் விஸ்டா கடைக்கு வந்தபோது, ஒலி வேலையின் பெரும்பகுதி இயங்குதளத்தின் கருவை விட்டு வெளியே நகர்த்தப்பட்டு, டைரக்ட்சவுண்ட் கார்டின் திறனைப் பயன்படுத்தும் வழி மூடப்பட்டது. அதே கேம், அதே கார்ட், ஆனால் குகைக்குள் கேட்ட எதிரொலி காணாமல்போனது. ஓபன்ஏஎல் வழியாக எழுதின கேம்கள் மட்டும் தப்பின, ஏனெண்டால் அவை கார்டின் டிரைவரை நேரடியாக அடைந்தன. மற்றவற்றுக்காக கிரியேட்டிவ் ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளையே செய்யவேண்டிவந்தது.

2001இல் ரொஸ் பென்சினாவும் ஃபில் பேர்க்கும் அறிமுகப்படுத்திய போர்ட்ஓடியோ வேறு விதமாக யோசித்தது. எங்களில் கனபேர் பாவிக்கிற ஓடாசிட்டிக்கு அடியில் இருப்பது அதுதான். விண்டோஸ், மாக், லினக்ஸ் எல்லாவற்றிலும் அதைக் கேட்கும் முறை ஒன்றே. எவ்வளவு தாமதம் வேணும் எண்டு நாங்கள் சொல்லலாம். திறந்த பிறகு, உண்மையில் எவ்வளவு கிடைத்தது எண்டு அது திருப்பிச் சொல்லும். வன்பொருள்களின் வித்தியாசத்தை அது மறைக்கவில்லை.

இந்த வரலாற்றில் எங்களுக்குப் பிடித்த இடம் இதுதான். எல்லா வன்பொருளும் ஒன்றே எண்டு நடிக்கிற இடைமுகம் ஒருநாள் காலை வாரும். நாங்கள் ஒரு சின்ன ஓடியோ செயலி எழுதினாலும் இதே கதைதான். நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்த குரலை, 48,000இல் ஓடும் ஃபோனில் மாற்றாமல் அப்படியே விட்டால், அது கிட்டத்தட்ட 9 வீதம் வேகமாக, கீச்சுக் குரலில் ஒலிக்கும். அதனால் முதலில் கருவியைக் கேளுங்கள். அது சொல்லும் பதிலை வைத்து எழுதுங்கள்.