பதிவேடு யார் கையில்? பிரவுசர் தேர்வின் சிறு வரலாறு

கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வந்த அம்பேத்கருக்கு, அந்த ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பார்சி விடுதியில், பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதிவிட்டுத் தங்கினார். பதினோராம் நாள் காலை தடிகளோடு வந்த கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டு, மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன் நினைவுக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

"மறைக்க ஒன்றுமில்லை என்றால் என்ன பயம்?" என்று கேட்பவர்களிடம் நாம் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்ல வேண்டும். அம்பேத்கர் எந்தத் தப்பும் செய்யவில்லை. தான் யார் என்பது தெரிந்துவிட்டால் தலைக்கு மேல் கூரை இருக்காது, அவ்வளவுதான். வாடகை வீடு தேடி அலைந்த எவருக்கும் இது புரியும். நமக்குத் தனியுரிமை என்பது வசதி அல்ல, பாதுகாப்பு.

இந்தப் பதிவேடு இன்று நம் கைபேசிக்குள் இருக்கிறது. அதன் பெயர் பிரவுசர். நாம் என்ன தேடினோம், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம், எங்கே மனு போட்டோம் என்பதெல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது.

நாங்கள் கல்லூரியில் படித்த காலத்தில் திசையன்விளையில் இணையம் என்றால் பிரவுசிங் சென்டர்தான். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், தேர்வு முடிவு, வேலைவாய்ப்புப் பதிவு எல்லாம் அங்கேதான். 2011-இல் வந்த மத்திய அரசு விதிகள், வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதவும், அவர் பார்த்த தளங்களின் விவரத்தை ஓராண்டு வைத்திருக்கவும் சென்டர்களுக்கு உத்தரவிட்டன. அந்த ஆண்டுகளில் ஒருநாள், சுடுகாட்டுப் பாதை ஆக்கிரமிப்பு பற்றி அப்படி ஒரு சென்டரில் உட்கார்ந்து புகார் மனு அனுப்பினோம். 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா?' என்று பிரவுசர் கேட்டது. யோசிக்காமல் 'ஆம்' கொடுத்தோம். மறுநாள் காலையில் மனுவில் இருந்த வாசகங்கள் ஊர்த்தெருவில் அப்படியே பேசப்பட்டன. திறந்து படித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. கையெழுத்துப் போட்ட அண்ணன் ஒருவருக்கு அந்த வாரமே தோட்ட வேலை நின்றது. பிரவுசரைப் பற்றி நாங்கள் யோசிக்கத் தொடங்கியது அன்றுதான்.

பிரவுசர்களின் போட்டி அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1994-இல் வந்த நெட்ஸ்கேப்தான் குக்கியையும் கொண்டுவந்தது. ஒரு தளம் உங்களை அடுத்த முறை அடையாளம் கண்டுகொள்ள உங்கள் கருவியில் வைத்துவிட்டுப் போகும் சிறு குறிப்பு அது. சீக்கிரமே விளம்பர நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. நூறு தளங்களில் ஒரே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால், நூறு இடத்திலும் நீங்கள் ஒரே ஆள்தான் என்று அதற்குத் தெரிந்துவிடும். கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்தே மாணவனின் சாதியைக் கண்டுகொள்ளும் மாவட்டம் நம்முடையது. வாய் திறந்து பெயர் சொல்லாமலே நம்மை அடையாளம் காட்டும் கயிறு எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மைக்ரோசாப்ட் 1995-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைக் கொண்டுவந்து, விண்டோஸோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்து நெட்ஸ்கேப்பைச் சாய்த்தது. தோற்ற நெட்ஸ்கேப் 1998-இல் தன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதிலிருந்து மொசில்லாவும், 2004-இல் ஃபயர்ஃபாக்ஸும் வந்தன. 2008-இல் கூகுள் குரோமைக் கொண்டுவந்தது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் நிறுவனமே பிரவுசரையும் தயாரிக்கும் நிலை வந்தது.

நம் பக்கத்துக் கைபேசிகளில் ஓடியது வேறொன்று. டேட்டா விலை அதிகமாக இருந்த காலத்தில், பக்கங்களைச் சுருக்கிக் கொடுத்த யூசி பிரவுசரை எல்லோரும் போட்டிருந்தோம். சுருக்குவது என்றால், நாம் பார்ப்பது அவர்களுடைய சர்வர் வழியாக வருகிறது என்று பொருள். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015 மே மாதம் அதை ஆராய்ந்தது. சீன மொழிப் பதிப்பு கைபேசியின் அடையாள எண்களையும் இருப்பிடத்தையும் சரியான பாதுகாப்பின்றி அனுப்பியது. ஆங்கிலப் பதிப்பில் தேடல் சொற்கள் எந்தப் பூட்டும் இல்லாமல் போயின. ஆனாலும் 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளில் ஒன்றாக அதைத் தடை செய்யும்வரை பலரும் அதையேதான் பயன்படுத்தினார்கள். தடை வந்ததும் கல்வான் மோதலுக்குப் பிறகுதான். பணமில்லாதவன் டேட்டாவை மிச்சம் பிடித்தான், தன் விவரத்தைக் கொடுத்தான்.

அப்படியானால் எதை நம்புவது? எல்லோருடைய கணக்கையும் பார்ப்போம். குரோமின் இன்காக்னிட்டோவில் இருந்தவர்களையும் கூகுள் பின்தொடர்ந்தது என்று 2020-இல் அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2024-இல் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் சம்மதித்தது. பிற தளங்களின் குக்கியை நிறுத்துவதாக 2020-இல் சொன்ன வாக்கையும் அது 2024-இல் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2019-லேயே அவற்றில் பின்தொடரும் குக்கிகளையும், சஃபாரி 2020-லேயே அவை எல்லாவற்றையும் தாமாகத் தடுத்துவிட்டன. தனியுரிமையே தன் அடையாளம் என்ற பிரேவ், 2020-இல் பயனர் தட்டச்சு செய்த முகவரியில் கமிஷன் குறியீட்டைச் சேர்த்து மாட்டிக்கொண்டது. மொசில்லாவுக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி கூகுளிடமிருந்து. 2025-இல் உங்கள் தரவை விற்கவே மாட்டோம் என்ற உறுதிமொழியை அது நீக்கியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது.

எனவே பெயரை நம்ப வேண்டாம், மூன்று கேள்விகள் கேட்போம். இதைச் செய்கிறவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? நிரலை வெளியாள் பார்த்துச் சோதிக்க முடியுமா? நாம் எதையும் மாற்றாதபோது அது யாருக்குச் சாதகமாக நடக்கிறது? இந்தக் கணக்கில், குறைகள் இருந்தும், நாங்கள் ஃபயர்ஃபாக்ஸையும் அதில் யூபிளாக் ஆரிஜின் நீட்சியையும் பயன்படுத்துகிறோம். வன்கொடுமை வழக்கு தொடர்பான தேடல்களுக்கு டோர் பிரவுசர்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் கோப்புகள் வெளியிலிருந்து வைக்கப்பட்டதாக ஆர்சனல் கன்சல்டிங் 2021-இல் அறிக்கை கொடுத்தது. அப்படிப்பட்ட தாக்குதலை எந்தப் பிரவுசரும் தடுக்காது. தெரியாத இணைப்பைத் திறக்காமல் இருப்பதும், கருவியைப் பூட்டி வைப்பதும், மென்பொருளைப் புதுப்பிப்பதும் தனி வேலைகள்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லேயே வந்தது. புத்தகத்தில் இருந்த அதைக் காவல் நிலையத்தில் நடைமுறைக்குக் கொண்டுவர நாம் எவ்வளவு அலைந்தோம்! இதற்கும் அப்படித்தான். தோழர்களே, இன்றிரவே உங்கள் பிரவுசரின் அமைப்புகளைத் திறந்து, சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலைப் பாருங்கள். பிறகு அம்மாவின் கைபேசியிலும் பாருங்கள்.