மலைவாழை: மரபும் தொற்றும்

திண்டுக்கல் மாவட்டத்தில் கொடைரோட்டுக்குக் கிழக்கே சிறுமலையும் மேற்கே கீழ்ப்பழனி மலையும் எழுகின்றன. இரு மலைகளிலும் விளையும் சிறுமலை, விருப்பாச்சி வாழைகள் 2008-09இல் புவிசார் குறியீடு பெற்றன. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழம் என்று பெயர் பெற்றது விருப்பாச்சி. எழுபதுகளின் தொடக்கத்தில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, முடிக்கொத்து என்னும் வைரஸ் நோயால் ஏறத்தாழ 2,000 ஹெக்டேராகச் சுருங்கியதாக மதிப்பிடப்படுகிறது. தாய் வாழைக்கு வந்த நோய் கன்றுக்கும் வருவதால் இதைப் பரம்பரை நோய் என்று எண்ணத் தோன்றும். ஆனால் தலைமுறை தாண்டி வருவதெல்லாம் மரபு ஆகிவிடாது. மலைவாழையே அதற்குச் சான்று.

வாழை மரமே அல்ல, பெரிய பூண்டு. தண்டு என்று நாம் காண்பது ஒன்றையொன்று சுற்றிய இலையுறைகள். உண்மைத் தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. மலைவாழையின் செல்லில் பதினொன்று பதினொன்றாக மூன்று தொகுதி, மொத்தம் 33 குரோமோசோம்கள். இரண்டு தொகுதி காட்டுவாழையான மூசா அக்குமினாட்டாவின் வழி வந்தவை. ஒன்று மூசா பால்பிசியானாவின் வழி வந்தது. பாலணுக்கள் உருவாகும்போது குரோமோசோம்கள் இணை சேர்ந்து பிரிய வேண்டும். மூன்றை இரு சமபங்காக்க வழியில்லை. ஆகவே விதை பிடிப்பதில்லை. மகரந்தம் சேராமலே காய் திரள்வதால் பழம் மட்டும் கிடைக்கிறது. அடுத்த பயிருக்குப் பக்கக்கன்றுதான் கதி. கன்று தாயின் பிள்ளை அல்ல; தாயின் உடலே வேறோர் இடத்தில் தொடர்கிறது. சுவை மாறாமல் வருவதற்கும், சாற்றில் ஏறிய வைரஸ் கூடவே வருவதற்கும் காரணம் இதுவே.

வைரஸைப் பரப்புவது வாழை அசுவினி. நரம்போரம் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றும். பிறகு வரும் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கும். தார் வருவது அரிது. எல்லாக் கன்றும் ஒரே மரபணுத் தொகுதி என்பதுதான் அழிவுக்குக் காரணம் என்று ஒரு வாதம் உண்டு. பாதி சரி. ஆனால் பயிரிடும் பிற வாழை இரகங்களிலும் இந்நோய்க்கு முழு எதிர்ப்பு அறியப்படவில்லை. இரகங்களைக் கலந்து நட்டால் மட்டும் தப்ப முடியாது. ஒற்றுமையைவிடப் பெரிய கேடு, நோய் மறைந்திருக்கும் கன்றை நல்ல கன்றென்று சுமந்துபோய் நட்டது. தொற்றிய பிறகு விரியும் இலைகளில்தான் அறிகுறி தெரியும் என்பதால் அதைக் கண்ணால் பார்த்துத் தேறுவது கடினம். மனித உடலிலும் இதே வேறுபாடு உண்டு: அரிவாள் செல் சோகை மரபணு வழி வருவது, தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் ஹெப்படைடிஸ்-பி வெறும் தொற்று, தடுப்பூசியால் தடுக்கக்கூடியது.

நோய் மரபில் இல்லை என்பதால்தான் இரகத்தை மாற்றாமலே மீட்க முடிகிறது. வைரஸ் இல்லையென்று சோதித்தறிந்த தாயின் குருத்து நுனியை எடுத்துத் திசு வளர்ப்பில் பெருக்கினால், அதே 33 குரோமோசோமோடு நோயற்ற கன்று கிடைக்கும். திசு வளர்ப்புக் கன்றுக்கும் நோய் வந்ததே என்பது உழவர் கேட்கும் நியாயமான கேள்வி. சோதனை செய்யாமல் பெருக்கினால் ஆய்வகக் குடுவையிலும் வைரஸ் பெருகும். சோதித்த கன்றுக்கும் எதிர்ப்பாற்றல் கூடிவிடுவதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் நோயுற்ற ஒரு தூரைக் கிழங்கோடு தோண்டி அழிக்காமல் விட்டால், அங்கிருந்து அசுவினி வந்து சேரும்.