டி.என்.ஏ. மெத்தைலேற்றம்: புற்றுநோயிலும் வயோதிகத்திலும்

டி.என்.ஏ.வின் நான்கு காரங்களுள் ஒன்றான சைட்டோசினோடு மெத்தைல் தொகுதி என்னும் சிறு ரசாயனக் கூறு இணைவதே மெத்தைலேற்றமாகும். மனித உடலில் இது பெரும்பாலும் சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் ஸ்தானங்களில் நிகழ்கிறது. மரபணுவின் எழுத்து வரிசையைச் சிறிதும் மாற்றாமலே அதன் இயக்கத்தை அடக்கிவைக்கும் ஆற்றல் இதற்கு உண்டு.

1948-ல் ரோலின் ஹாட்ச்கிஸ், கன்றின் தைமஸ் சுரப்பியினின்று எடுத்த டி.என்.ஏ.வைச் சிதைத்து, வடிதாளில் திரவத்தை ஊரவிட்டு அதன் கூறுகளைப் பிரித்தபோது, சைட்டோசினுக்கு அண்மையில், ஆனால் வேறான வேகத்தில் நகர்ந்த சொற்பப் பொருளொன்றைக் கண்டு, அது மெத்தைல் ஏறிய சைட்டோசினாகலாம் என்று ஊகித்தார். அந்த ஊகம் பின்னர் மெய்யாயிற்று. எனினும் அதன் பிரயோஜனம் நெடுங்காலம் விளங்கவில்லை. உயிரணு இரண்டாகப் பிரியும்போது பழைய இழையிலுள்ள குறியைப் பார்த்துப் புதிய இழையிலும் பதிக்கும் நொதி ஒன்று இருக்குமாயின், மரபணுவின் அடக்கம் தலைமுறை தலைமுறையாக நீடிக்கக்கூடும் என்ற சித்தாந்தத்தை, 1975-ல் ஆர்தர் ரிக்ஸ் ஒருபுறமும், ராபின் ஹாலிடே, ஜான் பியூ ஆகிய இருவர் மறுபுறமும் தனித்தனியே வெளியிட்டனர்.

1983-ல் ஆண்ட்ரூ ஃபைன்பர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும், பெருங்குடல் புற்றின் சில மரபணுக்களில் அருகிலுள்ள ஆரோக்கியமான திசுவைவிட மெத்தைல் குறைந்திருப்பதை நிரூபித்தனர். ஆனால், குறைவு மட்டுமே புற்றின் இயல்பு என்று கொள்வதற்கில்லை என்பதை அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழிப்புற்றிலே, கட்டியைத் தடுக்கும் மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தைல் மிகுந்திருத்தல் 1989-ல் அறியப்பட்டது. குடற்புற்று சிலவற்றிலோ, டி.என்.ஏ.வின் பிழைகளைத் திருத்தும் எம்.எல்.எச்.1 மரபணுவே இவ்விதம் ஊமையாக, திருத்துவாரற்ற பிழைகள் மேன்மேலும் குவிகின்றன. பொதுவில் தேய்வும் குறிப்பிட்ட இடங்களில் மிகையும் ஒருங்கே நிகழ்வதே புற்றணுவின் லட்சணம்.

வயோதிகத்திலும் இதனையொத்த போக்கே காணப்படுகிறது. குடலின் ஆரோக்கியமான உட்சவ்விலேயே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணு வயது ஏற ஏற மெத்தைல் ஏறப்பெறுவதையும், அங்கே தோன்றும் கட்டிகளில் அது மிகுந்திருப்பதையும் 1994-ல் ஜான்-பியர் இசாவும் அவர்தம் சகாக்களும் எடுத்துக்காட்டியதால், மூப்பு புற்றுக்கு நிலத்தைப் பண்படுத்துகிறதென்னும் அபிப்பிராயம் வலுப்பெற்றது. 2013-ல் ஸ்டீவ் ஹார்வத், 353 ஸ்தானங்களின் மெத்தைல் அளவைக் கொண்டே பல்வேறு திசுக்களின் வயதைக் கணிக்கும் முறையை வகுத்தார். ஆயினும், இம்மாறுதல்கள் மூப்பின் காரணமா, காரியமா என்ற விவாதம் ஓயவில்லை.

எழுத்துப் பிழையைப் போலன்றி இக்குறி அழிக்கத்தக்கது என்பதே வைத்தியத்துக்கு இடமளிக்கிறது. 1964-ல் செக்கோஸ்லோவாகியாவில் ஆக்கப்பட்ட அசாசைட்டிடின், சைட்டோசினின் இடத்தில் புகுந்து, குறி பதிக்கும் நொதியைச் சிக்கவைக்கும் தன்மையது. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் செவ்வனே முதிராத மயிலோடிஸ்பிளாசியா நோய்க்கு அது 2004-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆனால் வேண்டிய மரபணுவை மட்டும் தேர்ந்தெடுத்து விடுவிக்கும் விவேகம் அம்மருந்துக்கு இல்லை.