சி டிரைவ் சிவந்துபோச்சா? விர்ச்சுவல் மெஷினை எந்த டிரைவ்ல வைக்கலாம்?

"அக்கா, ஓப்பன் ஆகுது. ஆனா உள்ள எல்லாமே ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இருந்த மாதிரியே இருக்கு!"

ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தம்பியிடமிருந்து போன். ஃபைனல் இயர் படிக்கிறான். வீட்டு டெஸ்க்டாப்பில் விண்டோஸுக்குள்ளேயே உபுண்டு விர்ச்சுவல் மெஷின் ஒன்றைப் போட்டு, புராஜெக்ட் மொத்தத்தையும் அதில்தான் செய்துகொண்டிருந்தான். 256 ஜிபி எஸ்.எஸ்.டி-யில் சி டிரைவ், தனியாக 1 டிபி ஹார்டு டிஸ்க். ஒருநாள் சி டிரைவின் கோடு சிவப்பாகிவிட்டது. எது இடத்தை அடைக்கிறது என்று தேடியதில் 38 ஜிபி-க்கு ஒரே ஒரு ஃபைல் சிக்கியது. 'ஓ, இதுதான் அந்த மெஷின்போல' என்று அதை கட் பண்ணி ஹார்டு டிஸ்க்கில் பேஸ்ட் பண்ணிவிட்டான். பழைய ஃபோல்டரில் எண்ணும் எழுத்துமாகப் புரியாத பெயரில் இருந்த ஃபைல்கள் எல்லாம் குப்பை என்று நினைத்து, ஷிஃப்ட் டெலீட்.

அந்தக் 'குப்பை'தான் அவனுடைய ரெண்டு மாச வேலை.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களிடம் இன்று ரெண்டு, மூணு டிரைவ் இருப்பது சாதாரணம். விர்ச்சுவல் மெஷின்களை அவற்றில் எப்படிப் பிரித்து வைப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

கம்ப்யூட்டர் மாதிரி தெரியும்... ஆனா ஒரு ஃபோல்டர்தான்!

ஒரு கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் ஐடியா பழசு. ஐ.பி.எம் தன் பெரிய மெஷின்களுக்கு 'வி.எம் / 370' என்ற சிஸ்டத்தை 1972-லேயே அறிவித்தது. சாதாரண பிசி-யில் அதைச் செய்துகாட்டியது, 1999-ல் வந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன். இன்று விர்ச்சுவல்பாக்ஸ், விண்டோஸ் புரோவில் வரும் ஹைப்பர்-வி என்று இலவசமாகவே ஆப்ஷன்கள் உண்டு. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோவும் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம்.

எதைப் பயன்படுத்தினாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். உங்கள் உபுண்டுவோ காலியோ, டிஸ்க்கில் அது சில ஃபைல்கள் மட்டுமே. எவ்வளவு ரேம், எத்தனை கோர் என்று எழுதி வைத்திருக்கும் குட்டி செட்டிங்ஸ் ஃபைல் ஒன்று. ஹார்டு டிஸ்க் போல நடிக்கும் பெரிய ஃபைல் ஒன்று. விர்ச்சுவல்பாக்ஸில் அது வி.டி.ஐ, விஎம்வேரில் வி.எம்.டி.கே, ஹைப்பர்-வி-யில் வி.ஹெச்.டி.எக்ஸ். மெஷினை ஆஃப் செய்யாமல் 'சேவ் ஸ்டேட்' கொடுத்தால், ரேமில் இருந்ததை எழுதி வைக்கும் ஃபைலும் சேரும். 8 ஜிபி ரேம் கொடுத்திருந்தால் அதுவே பல ஜிபி போகும்.

தம்பியைக் கவிழ்த்தது நான்காவது வகை: ஸ்னாப்ஷாட். ஸ்னாப்ஷாட் எடுத்ததும் பலரும் நினைப்பது, அந்த நிமிடத்து நிலை எங்கோ காப்பி ஆகிவிட்டது என்று. நிஜத்தில் நடப்பது வேறு. பழைய பெரிய ஃபைல் அப்படியே பூட்டப்படுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் புதிதாக முளைக்கும் இன்னொரு ஃபைலில் எழுதப்படுகிறது. மூணு ஸ்னாப்ஷாட் எடுத்தால் ஒன்றின் மேல் ஒன்றாக மூணு ஃபைல். எல்லாம் சேர்ந்தால்தான் உங்கள் இன்றைய மெஷின். தம்பி புராஜெக்ட் ஆரம்பிக்கும்போதே, 'சேஃப்டிக்கு' என்று ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறான். அன்றிலிருந்து எழுதிய எல்லாம் அந்தப் புரியாத பெயர் ஃபைலில் போயிருக்கிறது. மிச்சமிருந்த 38 ஜிபி ஃபைலுக்குத் தெரிந்தது எல்லாம் ஸ்னாப்ஷாட் எடுத்த நாள் வரைக்கும்தான்.

டெலீட் ஆனதை மீட்க முடியாதா? ஹார்டு டிஸ்க்காக இருந்திருந்தால் ரெகவரி சாஃப்ட்வேரில் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். எஸ்.எஸ்.டி-யில் ஒரு ஃபைலை அழித்ததும், 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் டிரைவுக்குச் சொல்லிவிடும். 'ட்ரிம்' என்று பெயர். டிரைவும் நிஜமாகவே துடைத்துவிடும். கிடைப்பது ரொம்ப அபூர்வம்.

சி டிரைவ் எப்படி நிரம்புது?

நாம் எதுவும் சொல்லவில்லை என்றால் இந்த சாஃப்ட்வேர்கள் நேராக சி டிரைவில்தான் போய் உட்காரும். விர்ச்சுவல்பாக்ஸ் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் தனி ஃபோல்டர் போடும். விஎம்வேர் டாக்குமென்ட்ஸுக்குள் போடும். அங்கே இன்னொரு வில்லங்கமும் உண்டு. விண்டோஸ் செட்-அப் நேரத்தில் ஒன்டிரைவ் பேக்கப்புக்கு யோசிக்காமல் 'எஸ்' கொடுத்திருந்தால், டாக்குமென்ட்ஸ் முழுக்க கிளவுடுக்குப் போகும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் பல ஜிபி ஃபைலை ஏற்றப் பார்த்து, உங்கள் டேட்டா பேக்கையும் சேர்த்து முழுங்கும்.

40 ஜிபி டிஸ்க் என்று உருவாக்கினாலும் முதல் நாளில் ஃபைல் அவ்வளவு பெரிதாக இருக்காது. 'டைனமிக்' வகை என்றால் தேவைக்கேற்ப வளரும். பிரச்னை என்னவென்றால், வளரும், தானாகச் சுருங்காது. உள்ளே 15 ஜிபி படத்தை டவுன்லோடு செய்து அழித்தாலும் வெளியே இருக்கும் ஃபைல் ஊதியபடியேதான் இருக்கும். அதைச் சுருக்கத் தனியாக 'காம்பேக்ட்' செய்ய வேண்டும்.

வளர இடமே இல்லாமல்போனால்? டிரைவ் நிறைந்துவிட்டது என்று சொல்லி விர்ச்சுவல்பாக்ஸ் மெஷினை பாஸ் செய்து நிறுத்தும். பயப்பட வேண்டாம். வேறு ஏதாவது ஃபைலை அழித்து இடம் ஒதுக்கிவிட்டு, தொடரச் சொல்லலாம். எதை அழிக்கிறோம் என்பதில் மட்டும் கவனம்!

ஆண்ட்ராய்டு ஆப் டெவலப் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் எமுலேட்டரும் விர்ச்சுவல் மெஷின்தான். யூசர் ஃபோல்டருக்குள் புள்ளி வைத்த 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டரில், ஒவ்வொரு விர்ச்சுவல் போனும் பல ஜிபி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

டி டிரைவ்னா இன்னொரு டிரைவ்னு அர்த்தம் இல்ல

இடம் மாற்றும் முன் ஒன்றை செக் பண்ணிடுங்க. அசெம்பிள் செய்து வாங்கிய நிறைய பிசி-க்களில் சி, டி, ஈ என்று மூணு தெரியும். உள்ளே இருப்பதோ ஒரே டிஸ்க். அதைக் கோடு கிழித்துப் பிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். 'டிஸ்க் 0' என்பதற்குப் பக்கத்திலேயே சி, டி ரெண்டும் இருந்தால் அது ஒரே டிரைவ். அங்கிருந்து இங்கே மாற்றினால் சி-யில் இடம் கிடைக்கும். வேகமும் கூடாது, டிஸ்க் போனால் ரெண்டும் சேர்ந்தே போகும்.

நிஜமாகவே ரெண்டு டிரைவ் இருந்தால், மெஷினின் இயங்குதளம் இருக்கும் ஃபைலுக்கு எஸ்.எஸ்.டி-தான் சரி. ஹார்டு டிஸ்க்கில் வைத்தால் பூட் ஆவதற்குள் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். காரணம், ஹார்டு டிஸ்க் தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றினாலும், வேண்டிய இடத்துக்கு ஊசி நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி அங்கும் இங்கும் சிதறிய குட்டிக் குட்டி வேலைகளை நொடிக்குச் சுமார் நூறுதான் முடிக்கும். எஸ்.எஸ்.டி அதே வேலையைப் பல ஆயிரங்களில் முடிக்கும். இயங்குதளம் ஒன்று ஓடும்போது கேட்பதெல்லாம் அந்தச் சிதறிய வேலையைத்தான். ஒரே ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸும் ரெண்டு விர்ச்சுவல் மெஷின்களும் ஓடினால், ஒரே ஊசியை மூணு பேர் இழுக்கிற கதை.

சாட்டா எஸ்.எஸ்.டி-யா, என்.வி.எம்.இ-யா என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். பேப்பரில் 550 எம்பிக்கும் 3,500 எம்பிக்கும் பெரிய வித்தியாசம் தெரியும். ஒன்றிரண்டு மெஷின் ஓட்டுபவருக்கு, ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஏதாவதொரு எஸ்.எஸ்.டி-க்கு மாறுவதுதான் பெரிய பாய்ச்சல். ரேம் பத்தவில்லை என்றால் எந்த டிரைவ் மாற்றினாலும் பிரயோஜனமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எஸ்.எஸ்.டி சின்னது, டேட்டா பெரியது என்றால்? ஒரே மெஷினை ரெண்டு டிரைவில் பிரிக்கலாம். 25 ஜிபி விர்ச்சுவல் டிஸ்க்கில் இயங்குதளம், அது எஸ்.எஸ்.டி-யில். ஸ்டோரேஜ் செட்டிங்ஸில் ரெண்டாவது விர்ச்சுவல் டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, அந்த ஃபைலை ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். டேட்டா செட், டேட்டாபேஸ் பேக்கப் எல்லாம் அங்கே போகட்டும். மெஷினுக்குள்ளிருந்து பார்த்தால் அது ரெண்டாவது ஹார்டு டிஸ்க் மாதிரியே தெரியும். ஆனால் காப்பி எடுக்கும்போது ரெண்டு இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் மெஷின் ஸ்டார்ட் ஆக மறுக்கும்.

ரெண்டு டிரைவையும் 'ரெய்டு 0' போட்டு ஒன்றாக்கினால் வேகம் பறக்கும் என்று யூடியூபில் சொல்வார்கள். ரெண்டில் ஒன்று போனாலும் ரெண்டில் இருந்ததும் போச்சு. வேண்டாம்.

கட் - பேஸ்ட் வேண்டவே வேண்டாம்

மாற்றும் வேலையை அந்தந்த சாஃப்ட்வேரிடமே விடுங்கள். முதலில் மெஷினை முழுசாக ஷட் டவுன் செய்யணும். சேவ் ஸ்டேட்டில் விடக் கூடாது. விர்ச்சுவல்பாக்ஸில் மெஷின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்தால் 'மூவ்' இருக்கும். புது ஃபோல்டரைக் காட்டினால் செட்டிங்ஸ், டிஸ்க், ஸ்னாப்ஷாட் மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோய் வைக்கும். ஹைப்பர்-வி-யிலும் 'மூவ்' உண்டு. விஎம்வேரில் முழு ஃபோல்டரையும் காப்பி செய்து, புது இடத்திலிருந்து ஓப்பன் செய்ய வேண்டும். 'நகர்த்தினீர்களா, காப்பி எடுத்தீர்களா?' என்று கேட்கும். நகர்த்தினேன் என்று சொல்லுங்கள். புது இடத்தில் பூட் ஆகி, நேற்று எழுதிய ஃபைல் கண்ணில் பட்ட பிறகு பழைய ஃபோல்டரை அழியுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸில் 'ரிமூவ்' கொடுக்கும்போது லிஸ்ட்டிலிருந்து மட்டும் எடுக்கவா, ஃபைல்களையும் அழிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் ரெண்டாவதை அமுக்கியவர்கள் நிறைய பேர். விண்டோஸில் டபிள்யூ.எஸ்.எல் வைத்திருப்பவர்களும் எக்ஸ்போர்ட் செய்து கையில் வைத்துக்கொள்ளாமல் 'அன்ரெஜிஸ்டர்' போட்டுவிடாதீர்கள். பெயரைக் கேட்டால் பதிவை நீக்குவது போலத்தான் இருக்கும். மொத்த டிஸ்க்கையும் அழித்துவிடும்.

எக்ஸ்டர்னல் டிரைவில் வைப்பவர்களுக்கு: ஃபேட்32-வில் ஒரு ஃபைல் 4 ஜிபி-யைத் தாண்டாது. அதனால் என்.டி.எஃப்.எஸ் அல்லது எக்ஸ்ஃபேட். இன்றைக்கு ஈ, நாளைக்கு எஃப் என்று எழுத்து மாறினால் மெஷினைக் காணோம் என்று சொல்லும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் ஓர் எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். ஓடும்போது கேபிளைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. அசல் இருக்கும் அதே டிரைவில், அசலை நம்பியே இருக்கும் ஒன்று எப்படி பேக்கப் ஆகும்? வேலை முடிந்த ஸ்னாப்ஷாட்களை சாஃப்ட்வேருக்குள் போய் டெலீட் செய்யுங்கள்; அப்படிச் செய்தால் மாற்றங்கள் பத்திரமாகச் சேர்ந்துகொள்ளும். அதற்கும் டிரைவில் காலி இடம் வேண்டும், முழுசாக நிறையும் வரை காத்திருக்காதீர்கள். பேக்கப்புக்கு மெஷினை ஓ.வி.ஏ ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து இன்னொரு டிரைவில் போடலாம். வேகம் இதற்குத் தேவையில்லை. அந்தப் பழைய ஹார்டு டிஸ்க் இங்கேதான் உபயோகப்படும்.

தம்பி கதை? கோடு கொஞ்சம் புராஜெக்ட் பார்ட்னரின் பென் டிரைவில் இருந்தது. மிச்சத்தை மூணு ராத்திரி உட்கார்ந்து திரும்ப எழுதினான். இப்போது மெஷின் எஸ்.எஸ்.டி-யிலேயே இருக்கிறது; இடத்துக்காக அங்கிருந்த கேம்ஸ் எல்லாம் ஹார்டு டிஸ்க்குக்குப் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஓ.வி.ஏ ஒன்று எக்ஸ்போர்ட் ஆகும். போன வாரம் அதே பார்ட்னர் போன் செய்தாராம், "டேய், என் சி டிரைவும் ரெட் ஆயிடுச்சு, இந்தப் பெரிய ஃபைலை கட் பண்ணிடவா?" என்று. தம்பி போனிலேயே கத்தியது ஹால் வரைக்கும் கேட்டது.