ஆர்2-டி2: தச்சர் பட்டறையிலிருந்து வீட்டு கராஜ் வரை

2017 ஜூன் மாசம் அமெரிக்காவில் ஒரு ஏலம் நடந்துச்சு. விற்பனைக்கு வந்தது மூன்றரை அடி உயரம், அலுமினியத் தலை, வெள்ளை-நீலப் பெயின்ட்னு இருந்த ஒரு உருவம். தெரியாதவங்க பார்த்தா கல்யாண மண்டபத்து வாசலில் வைக்கிற குப்பைத்தொட்டின்னு நினைச்சு வாழையிலையைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. ஆனா விலை போனது 27 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு. ஸ்டார் வார்ஸ் பார்த்தவங்களுக்கு இதுக்குள்ள புரிஞ்சிருக்கும். ஆமாங்க, நம்ம ஆர்2-டி2.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த ஏலப்பொருள் ஏதோ ஒரு படத்தில் அப்படியே முழுசா நடிச்ச ரோபோ கிடையாது. வெவ்வேறு படங்களின் ஷூட்டிங்கில் பயன்பட்ட பாகங்களைச் சேகரிச்சு ஒண்ணாப் பூட்டினது. அப்போ "ஒரிஜினல்"னு எதைச் சொல்றது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினா, உலகம் பூரா வீட்டு கராஜில் உட்கார்ந்து சொந்தமா ஆர்2 கட்டுற ஒரு கூட்டத்துக்கிட்ட போய் நிக்கிறோம். அவங்க கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு வந்துடுங்க :-)

முதல் ஆர்2 மரத்தில் செஞ்சது

1977-ல் வந்த முதல் படத்தோட மொத்த பட்ஜெட் சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர். எடுக்க நினைச்ச விஷயங்களுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி வரைஞ்ச படங்கள் கையில் இருந்தது. அதை நிஜப் பொருளா ஆக்குற வேலை லண்டன் பக்கத்து எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் இருந்தவங்க தலையில் விழுந்தது.

செட் அலங்காரம் பார்த்த ரோஜர் கிறிஸ்டியனும் தச்சர் பில் ஹார்மனும் சேர்ந்து முதல் மாதிரியை மரத்தில் செஞ்சாங்க. தலைக்கு ஸ்டூடியோவில் கிடந்த ஒரு பழைய விளக்கோட மேல்மூடி. முகத்துக்கு விமானத்தில் பயணிகள் தலைக்கு மேல இருக்குமே, அந்தக் காற்றுத் துவாரம் மாதிரியான சாமான்கள். கிறிஸ்டியன் விமானக் கழிவுகளை எடைக்குப் போட்டு வாங்கிட்டு வந்து எல்லா செட்டிலும் ஒட்டித் தள்ளியிருக்கார். லூக்கோட ஒளிவாள்கூட அப்படித்தான். 'கிராஃப்ளெக்ஸ்' என்ற பழைய பத்திரிகை கேமராவின் ஃப்ளாஷ் கைப்பிடியை லண்டனில் ஒரு கேமராக் கடையில் பிடிச்சு, அதில் ரப்பர் பட்டை ஒட்டினாங்க. வேலை முடிஞ்சது. (பின்னாளில் ரசிகர்கள் அந்தக் கைப்பிடியைத் தேடித் தேடி வாங்க ஆரம்பிச்சு, அதோட விலை எகிறி, பழைய கேமரா சேகரிக்கிறவங்க கடுப்பானது தனிக்கதை.) அந்த வருஷத்துக் கலை இயக்கத்துக்கான ஆஸ்கரை இந்தக் குழுதான் வாங்கிச்சு.

ஓடுற மாதிரி ஆர்2-வைச் செய்ற பொறுப்பு ஜான் ஸ்டியர்ஸோட ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் குழுவுக்கு. ரெண்டு கால்ல நிக்கிற ஆர்2-க்குள்ள கென்னி பேக்கர் உட்கார்ந்திருப்பார். 3 அடி 8 அங்குல உயரம் உள்ள நடிகர். மூணு கால்ல உருண்டு வர்ற ஆர்2 ரேடியோ கன்ட்ரோல். 1976 மார்ச்சில் துனீசியா பாலைவனத்துக்குக் கொண்டுபோனா, ரேடியோ சிக்னல் குழம்பிப்போய் அதுபாட்டுக்கு ஒரு பக்கம் ஓடி முட்டிக்குதாம். சில காட்சிகளுக்குக் கம்பி கட்டி இழுத்திருக்காங்க. ரெண்டு கால் மூணு காலா மாறுறதை ஒரே ஷாட்டில் காட்டவே இல்லை. கட் பண்ணித் தப்பிச்சாங்க.

படம் பார்க்கிறப்ப இது எதுவுமே உறைக்காது. காரணம் பென் பர்ட். ஒரு சிந்தசைஸரையும் தன் சொந்தக் குரலையும் கலந்து அவர் செஞ்ச அந்த 'பீப்-பூப்' சத்தம்தான் அந்த டப்பாவுக்கு உயிர் கொடுத்தது.

வரைபடம் இல்லாத ப்ராஜெக்ட்

1999-ல் ஆஸ்திரேலியாவில் டேவ் எவரெட் என்பவர் இணையத்தில் ஒரு மடற்குழு ஆரம்பிச்சார். பேரு ஆர்2 பில்டர்ஸ் கிளப். நோக்கம் ஒண்ணே ஒண்ணு: படத்தில் இருக்கிற மாதிரியே, அதே அளவில் ஒரு ஆர்2 கட்டணும்.

சொல்றதுக்கு ஈஸி. அளவுக்கு எங்கே போறது? கடையில் வாங்குற பொம்மைக்குத்தான் கட்டுமானக் குறிப்பு வரும். இங்கே கையில் இருந்தது வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்த காட்சிகளும், கண்காட்சிகளில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்னு எடுத்த போட்டோக்களும்தான். அதிலும் ஒரு சிக்கல். ஒரு ஆர்2 மாதிரி இன்னொண்ணு இருக்காது. 1977 படத்துக்குச் செஞ்சது ஒரு மாதிரி, 1980-ல் வந்த அடுத்த படத்துக்கு டோனி டைசன் பட்டறையில் செஞ்சது வேற மாதிரி. உடம்புக்குள்ள ஆள் உட்கார்றதுக்குச் செஞ்சதும், மோட்டார் வைக்கிறதுக்குச் செஞ்சதும் உள்ளமைப்பில் வேற வேற. முதல் படத்தின் விண்வெளிக் காட்சிகளில் நீலப் பட்டைகள் கறுப்பா வேற தெரியும். பின்னால இருக்கிற நீலத்திரையோட சேர்ந்து நீலப் பாகமும் மறைஞ்சு ஓட்டை விழுந்துடுமே, அதான்.

இதையெல்லாம் ஒப்பிட்டு, அடிச்சுப் பேசி, கடைசியில் எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு அளவுத் தொகுப்பைக் கொண்டுவந்தாங்க. தலையின் விட்டம் சுமார் 18 அங்குலத்தில் ஆரம்பிச்சு, ஒவ்வொரு துவாரத்துக்கும் ஒரு அளவு. பாகங்களுக்குப் பேரும் இவங்களே வச்சுக்கிட்டாங்க. முன்பக்கம் இருக்கிற சில பள்ளங்கள் பொது டெலிபோனில் காசு திரும்பி விழுற இடம் மாதிரி இருக்கிறதால அதுக்குப் பேரே 'காயின் ரிட்டர்ன்'.

பொட்டி தட்டுற நமக்கு இது ரொம்பப் பரிச்சயமான விஷயம். மூல நிரல் கையில் இல்லை, வெளியே தெரியுற நடத்தையை மட்டும் வச்சு உள்ளே என்ன இருக்கும்னு கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சதை எல்லாருக்கும் திறந்து வைக்கணும். தப்பு இருந்தா அடுத்தவன் திருத்துவான். லினக்ஸ் ஆட்கள் கணினியில் பண்ணினதை இவங்க அலுமினியத்தில் பண்ணியிருக்காங்க.

எப்படிக் கட்டுறாங்க?

பணம் இருக்கிறவங்க முழு அலுமினியத்தில் இறங்குவாங்க. தலைக்கு அலுமினியத் தகட்டை லேத்தில் சுழலவிட்டு அச்சு மேல அழுத்தி அழுத்தி அரைக்கோளமாக்கணும். இதை எல்லாரும் வீட்டில் செய்ய முடியாது. அதனால குழுவில் ஒருத்தர் பட்டறையில் ஆர்டர் கொடுப்பார், வேணும்கிறவங்க பங்கு போட்டு வாங்கிப்பாங்க. ஒரு பாகத்துக்கு ஒருத்தர்னு பொறுப்பு எடுத்துக்கிறது இவங்க வழக்கம். ஆனாலும் மொத்தச் செலவு பல ஆயிரம் டாலர் ஆயிடும், வருஷங்களும் ஓடிடும்.

பட்ஜெட் இடிக்கிறவங்களுக்கு மரமும் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட்டும். கத்தியால் கீறி மடக்கினா உடையும், பசை போட்டா கெட்டியா ஒட்டும். அடுக்கடுக்கா ஒட்டி, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுப் பெயின்ட் அடிச்சா நாலடி தூரத்தில் அலுமினியத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது. அப்புறம் 3டி பிரிண்டர் வந்தது. இப்போ தலையிலிருந்து கால் வரை எல்லாத்தையும் துண்டு துண்டா அச்சடிச்சு ஒட்டிடலாம்.

உள்ளே ஓட வைக்க எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டார், சக்கர நாற்காலி மோட்டார். கன்ட்ரோலுக்கு ஆரம்பத்தில் பொம்மை விமானம் ஓட்டுற ரிமோட். 2005-ல் ஆர்டுயினோ வந்த பிறகு, வீடியோ கேம் கன்ட்ரோலரையே அதில் இணைச்சு ஓட்டுறாங்க.

இருக்கிறதிலேயே கஷ்டமான வேலைக்கு இவங்க வச்ச பேரு '2-3-2'. ரெண்டு கால்ல நிக்கிற ஆர்2 உடம்பைப் பின்னால சாய்ச்சு, நடுக்காலை வெளியே விட்டு, மூணு கால்ல நின்னு, திரும்ப ரெண்டுக்கு வரணும். எடையெல்லாம் பக்கக் கால்களில் தாங்கி நிக்கும்போது, நடுக்கால் தரையைத் தொடறதுக்கு ஒரு நொடி முன்னாடி உடம்பு சாய்ஞ்சா மொத்தமும் கீழே விழும். 1976-ல் எடிட்டிங் கத்தரியால் தப்பிச்ச அதே இடம். அதை நிஜமாவே வேலை செய்ய வச்சவங்க இந்தக் குழுவில் இருக்காங்க.

சரி, விற்கலாமா?

இவ்வளவு பாடுபட்டுச் செய்ற பொருள் யாருக்குச் சொந்தம்? கை நம்மது, காசு நம்மது, உருவம் இன்னொருத்தருது.

இதுக்குப் பக்கத்துலயே ஒரு வழக்கு நடந்திருக்கு. 1976-ல் படத்துக்கு ஸ்டார்ம்ட்ரூப்பர் படைவீரர்களின் வெள்ளை ஹெல்மெட்களைச் செஞ்சு கொடுத்தவர் ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த். பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி அச்சில் படிய வைக்கிற வேலை. 2004-ல் அதே ஹெல்மெட்களைத் திரும்பச் செஞ்சு விற்க ஆரம்பிச்சார். லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட்டது. 2006-ல் கலிஃபோர்னியா நீதிமன்றம் 2 கோடி டாலர் கட்டச் சொன்னது. மனுஷன் இங்கிலாந்தில் இருக்கார், அதனால் வழக்கு அங்கேயும் போச்சு.

அங்கே விவாதம் எங்கே போய் நின்னது தெரியுமா? ஹெல்மெட் சிற்பமா, இல்லையா? சிற்பம்னா நீண்ட காலக் காப்புரிமை உண்டு. சாதாரண உபயோகப் பொருள்னா பாதுகாப்புக் காலம் ரொம்பக் குறைச்சல், அது எப்பவோ முடிஞ்சுபோச்சு. 2011 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், கலைப்படைப்பு படம்தான், ஹெல்மெட் அந்தப் படத்தை எடுக்கப் பயன்பட்ட சாதனம், சிற்பம் இல்லைன்னு சொல்லிடுச்சு. எய்ன்ஸ்வொர்த் பிரிட்டனில் விற்கலாம். ஆனா அமெரிக்கக் காப்புரிமையை மீறினதுக்கான வழக்கை இங்கிலாந்து நீதிமன்றமே விசாரிக்கலாம்னு அதே தீர்ப்பில் ஒரு குட்டும் வச்சாங்க.

எனக்கு இந்தத் தீர்ப்பு அரைமனசாத்தான் பிடிக்குது. சட்டப்படி சரியா இருக்கலாம். ஆனா களிமண்ணில் ஒருத்தர் கையால் வடிச்ச ஒரு முகம், உலகமே பார்த்தவுடனே அடையாளம் சொல்ற முகம், வெறும் சாதனம்னு சொன்னா உறுத்துது. அதேசமயம் சிற்பம்னு சொல்லியிருந்தா வீட்டில் கட்டுறவங்க நிலைமை இன்னும் சிக்கல்.

ஆர்2 கட்டுறவங்க இந்தச் சண்டைக்கே போகலை. லாபத்துக்கு விற்கிறதில்லை, பாகங்களைச் செலவுக்குத் தக்க பகிர்ந்துக்கிறது, முடிச்ச ரோபோவைத் தர்ம காரியங்களுக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோறதுன்னு ஒரு பாதை பிடிச்சாங்க. கம்பெனியும் கண்டுக்காம விட்டது. எழுதாத ஒப்பந்தம்.

இளஞ்சிவப்பு ஆர்2

இந்தப் பாதையின் உச்சம்னு நான் நினைக்கிறது ஒரு இளஞ்சிவப்பு ரோபோ. 1997-ல் ஸ்டார்ம்ட்ரூப்பர் உடை போடுற ரசிகர்களுக்காக '501-வது லீஜன்' அமைப்பை ஆரம்பிச்சவர் தென் கரோலினாவைச் சேர்ந்த ஆல்பின் ஜான்சன். அவர் மகள் கேட்டிக்கு மூளையில் புற்றுநோய். 2002-ல் வந்த படத்தில் நாயகி தூங்கும்போது ஆர்2 காவலுக்கு நிக்கும். அதே மாதிரி தனக்கும் ஒண்ணு பக்கத்தில் நிக்கணும்னு அந்தக் குழந்தை ஆசைப்பட்டது.

அவர் கட்டுநர்களைக் கேட்டார். ஒரு ஆர்2 கட்ட வருஷக்கணக்கில் ஆகும். அந்தக் குழந்தைக்கிட்ட அவ்வளவு நாள் இல்லை. அதனால ஒருத்தர் தன்கிட்ட இருந்த ரோபோவையே இளஞ்சிவப்பா மாத்தி அனுப்பி வச்சார். 2005 ஜூலையில் கேட்டி அதைக் கட்டிப்பிடிச்சாள். ஆகஸ்டில் இறந்துபோனாள். வயசு ஏழு.

அவங்க வேலையை நிறுத்தலை. 2006 ஜூலையில் ஆர்2-கேடி முடிஞ்சது. இன்னைக்கும் குழந்தைகளுக்கான நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுக்குப் போகுது. 2015-ல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தில் அந்த ரோபோ ஒரு காட்சியில் நிக்கும். படத்தைப் பார்த்துக் கட்டின பொருள், திரும்பப் படத்துக்குள்ள போயிடுச்சு.

கூப்பிட்டாங்க

2013 ஜூலை, ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ஸ்டார் வார்ஸ் திருவிழா. லூகாஸ்ஃபிலிம் தலைவர் கேத்லீன் கென்னடி கட்டுநர்களின் அரங்குக்கு வந்தார். பிரிட்டனைச் சேர்ந்த லீ டவர்சியும் ஆலிவர் ஸ்டீப்பிள்ஸும், புதுப் படத்துக்குத் தேவைப்பட்டா நாங்க ரெடின்னு பாதி விளையாட்டாச் சொல்லி வச்சாங்க. கொஞ்ச நாளில் நிஜமாவே அழைப்பு வந்தது. அந்தப் படத்தின் ஆர்2-வை அவங்கதான் கட்டினாங்க.

ஏன் அவங்களைக் கூப்பிட்டாங்கன்னு யோசிச்சா நியாயம் புரியும். ஷூட்டிங் சாமான்கள் ஒரு படத்துக்குத் தாங்கினா போதும்னு செய்றது. 1976-ல் செஞ்சவங்களுக்கு வயசாயிடுச்சு. கென்னி பேக்கர், டோனி டைசன் ரெண்டு பேருமே 2016-ல் காலமானாங்க. எந்தத் திருகு எங்கேன்னு பதினாலு வருஷமா அளந்து, எழுதி, திருத்திக் காப்பாத்தி வச்சிருந்தது இந்தக் கராஜ் ஆசாமிகள்தான்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வர்றேன். ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை படத்தின் ஆர்2 ஒண்ணு 1984 முதல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கு. அது ஒரிஜினல்தான், மறுக்கலை. ஆனா கண்ணாடிக்குள்ள இருக்கிற ஆர்2 அசையாது. ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உருண்டு வந்து, தலையைத் திருப்பி, விசில் அடிச்சு, ஒரு குழந்தையைச் சிரிக்க வைக்கிறது வீட்டில் கட்டினதுதான். தச்சர் பில் ஹார்மன் மரத்தில் செதுக்கும்போது எதுக்காகச் செதுக்கினாரோ, அந்த வேலையை இன்னைக்கும் செய்யுறது எதுவோ அதுதான் எனக்கு ஒரிஜினல். 27 லட்சம் டாலர் கொடுத்தவர் கோச்சுக்கக் கூடாது :-)