கருவிழியை அளந்த கதை

நமது சங்க மலருக்குக் கல்வெட்டு, பழைய வணிகப் பாதை, பாலக்காட்டு ஜைனமேடு என்றுதான் நான் வழக்கமாக எழுதுவேன். இம்முறை கண்ணைப் பற்றி எழுதுகிறேன். தொல்காப்பியம் உயிர்களை அறிவால் வகுக்கையில் கண்ணை நான்காம் அறிவுக்கு வைக்கிறது. எங்கள் சமண நூல்களும் அப்படியே. அந்த நான்காம் அறிவை அளக்க மனிதன் பட்ட பாடு ஒரு தனி வரலாறு. அதைத் தேடிப் படிக்க வைத்தவன் குமுளியில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேரன்.

பதினாறு வயசுப் பையன். இரண்டு வருஷத்தில் மூன்று கண்ணாடி. ஒவ்வொரு தடவையும் கடையில் சிலிண்டர் பவரைக் கூட்டிக் கொடுத்தார்கள். எந்நேரமும் கண்ணைக் கசக்குவான். "செல்போனைக் கீழே வைடா" என்று திட்டியதோடு என் கடமை முடிந்தது என்று நானும் இருந்துவிட்டேன். கடைசியில் ஒரு மருத்துவர் ரெட்டினாஸ்கோப் ஒளியை அடித்துப் பார்த்து, உள்ளே நிழல் கத்தரிக்கோல் திறந்து மூடுவதுபோல் ஆடுகிறது என்றார். கெரடோகோனஸ்: கருவிழி மெலிந்து, கூம்பாகப் பிதுங்கும் நோய்.

நோய் புதிதல்ல. லிவர்பூல் மருத்துவர் ஜான் நாட்டிங்காம் 1854இலேயே இதைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஆனால் அன்றைக்குக் கூம்பு நன்றாகப் பிதுங்கிய பிறகே பெரும்பாலும் தெரிய வந்தது. 1880இல் போர்ச்சுகல் நாட்டு பிளாசிடோ ஒரு எளிய வழி கண்டார். அட்டையில் கறுப்பு வெள்ளை வட்டங்கள், நடுவே ஓட்டை. நோயாளியின் கண்முன் அட்டையைப் பிடித்து, ஓட்டை வழியே கருவிழியில் விழும் பிம்பத்தைப் பார்ப்பது. பித்தளைக் குடத்தில் நம் முகம் வயிற்றுப் பகுதியில் ஒரு மாதிரியும் கழுத்துப் பகுதியில் வேறு மாதிரியும் தெரியுமே, அதே தத்துவம். வளைவு சீராக இருந்தால் வட்டம் வட்டமாகவே இருக்கும். செங்குத்தான இடத்தில் கோடுகள் நெருங்கும்.

1881இல் ஜவாலும் ஷியோட்ஸும் செய்த கெரடோமீட்டர் அந்த வளைவை எண்ணாகவே சொன்னது. சாதாரணக் கருவிழி 43, 44 டையாப்டர் அளவில் இருக்கும். ஆனால் அக்கருவி அளப்பது நடுவில் சுமார் 3 மில்லிமீட்டர் மட்டுமே. கூம்போ பெரும்பாலும் நடுவுக்குக் கீழே கிளம்புகிறது. மூட்டையின் வாயில் ஒரு பிடி ஏலக்காய் எடுத்துப் பார்த்து மொத்தச் சரக்குக்கும் விலை வைக்கிற கதைதான். அப்படி ஏமாந்த அனுபவம் எனக்கும் உண்டு, அது வேறு விஷயம்.

1984இல் அமெரிக்காவில் ஸ்டீபன் கிளைஸ் பிளாசிடோ வட்டங்களைக் கணினிக்குக் கொடுத்தார். ஆயிரக்கணக்கான புள்ளிகளை அளந்து வரைபடமாக்கும் டோபோகிராபி வளர்ந்தது. சிவப்பு என்றால் செங்குத்து, நீலம் என்றால் தட்டை. மேல்பாதியைவிடக் கீழ்ப்பாதி 1.4 டையாப்டருக்கு மேல் செங்குத்தானால் சந்தேகப்படணும் என்று ரபினோவிட்ஸ் அளவு வகுத்தார். இதைவிட வேடிக்கை, ஷைம்ப்ஃப்ளக் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி 1904இல் ஆகாயத்திலிருந்து நிலப்படம் எடுப்பதற்காகப் பதிவு செய்த முறை இன்று கருவிழியின் பின்பக்கத்தையும் கனத்தையும் அளக்கிறது. முன்பக்கம் ஏமாற்றும். கூம்பின்மேல் உள்ள மெல்லிய தோல் தானே தேய்ந்து மேட்டை மறைத்துவிடும். பின்பக்கம் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஏன் முன்கூட்டியே அளக்கணும்? 2003இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் ரிபோஃப்ளேவின் சொட்டும் புறஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை இறுக்கும் சிகிச்சையை வெளியிட்டார்கள். அது நோயை நிறுத்தும். போன பார்வையை முழுசாக மீட்காது. வழக்கமான முறைக்கு மேல்தோல் நீக்கியபின் 400 மைக்ரான் கனமாவது வேண்டும். அதற்கும் மெலிந்தவர்களுக்குக் காண்டாக்ட் லென்ஸ் வைத்துச் செய்யும் முறையைச் சென்னை மருத்துவர் சூசன் ஜேக்கப் 2014இல் வெளியிட்டார்.

இது அபூர்வ நோய் என்று நினைக்க வேண்டாம். மத்திய இந்தியக் கிராமங்களில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, 48 டையாப்டரை எல்லையாக வைத்து, நூற்றுக்கு 2.3 பேர் என்றது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவரையும் பார்க்கச் சொல்கிறார்கள். இஸ்ரேல் ஆய்வுகள் நெருங்கிய உறவில் செய்த திருமணத்தோடு தொடர்பு காட்டியிருக்கின்றன. என் மகளை என் அக்கா மகனுக்குத்தான் கொடுத்தேன். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லையில் இருக்கும் நமக்கு இன்று தூரம் குறைவு. 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை 1985இல் தேனிக்கும் 1997இல் கோவைக்கும் வந்துவிட்டது. இடுக்கிக்காரர்களுக்குத் தேனி, பாலக்காட்டுக்காரர்களுக்குக் கோவை. பிள்ளைகளின் பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீங்க. என் பேரனின் மூன்று சீட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, எந்தக் கருவியும் இல்லாமலே நோயின் வேகம் தெரிந்தது. பேரேடு பார்க்கத் தெரிந்தவனுக்கு அது புரியாதா? நான்தான் பார்க்கவில்லை.

இடது கண் 53 டையாப்டர், வலது 46. இரண்டுக்கும் சிகிச்சை ஆனது. அதற்குப்பின் எண் ஏறவில்லை. அவன் தங்கைக்குப் பதினொரு வயசு, கண்ணாடி கிடையாது, குறையும் சொல்லவில்லை. ஆனாலும் சித்திரையில் கூட்டிப்போய்ப் படம் எடுத்தோம். இரண்டு கண்ணும் 44க்குள். ஐப்பசியில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். தாள் என் கணக்குப் பெட்டியில் இருக்கிறது.